வண்டிக் கொட்டகையில் எலி: ஊர் கூடிச் செய்யவேண்டிய காவல்

எலியை அறியாத விவசாயி இல்லை. நாற்றங்காலில் விதையையும், வயலில் கதிரையும், களத்தில் நெல்லையும், குதிரில் தானியத்தையும் அது பாழாக்குவதை யாவரும் கண்டிருக்கின்றனர். ஆயின் இக்காலத்தில் எலியால் நேரும் வேறொரு நஷ்டம் போதிய கவனத்தைப் பெறவில்லை. நிறுத்திவைத்த டிராக்டர், அறுவடை யந்திரம், மோட்டார் கார், சரக்கு வண்டி முதலியவற்றின் மின்கம்பிகளையும் ரப்பர் குழாய்களையும் எலி கடித்துவிடுவதே அந்த நஷ்டம். இதனை வண்டிக்காரரின் தனிப்பட்ட தொல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று. வண்டியில் புகும் எலி பெரும்பாலும் வயலிலும் வைக்கோற்போரிலும் களத்துமேட்டிலும் வளர்ந்த எலியாகும். அங்கே அதனை வளரவிட்டுக் கொட்டகையில் மட்டும் தடுக்க முயல்வது, மடையைத் திறந்துவைத்துக் கடைவரப்பை அடைப்பதை ஒக்கும்.

சுந்தரபாண்டியம் முதலான வத்திராயிருப்பு வட்டாரத்துக் கிராமங்களுக்கு இவ்விஷயம் மிகவும் பொருந்தும். மேற்கு மலையின் அடிவாரத்தில் கண்மாய்ப் பாசனமும் ஆற்றுப் பாய்ச்சலும் உடைய இப்பகுதியில் நெல்லும் தென்னையும் முக்கியமான வெள்ளாமைகள். எலிக்கு இவ்விரண்டும் விருப்பமான உணவு. பிளவக்கல் அணைகளில் நீர் திறக்கும் நாளும், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாளும் விவசாயியின் சௌகரியத்தைப் பார்த்து வருவன அல்ல. அந்நாளில் டிராக்டர் கிளம்பாவிடில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ ஆளனுப்பி மெக்கானிக்கை அழைத்துவர வேண்டும். அவர் வந்து கோளாறு இருக்குமிடத்தைத் தேடிக் கண்டு, புதுக் கம்பி வரவழைத்துப் பூட்டுவதற்குள் உழவின் பதம் தவறிவிடும். நாற்று முற்றும், அண்டை வயலுக்குப் பின் நடவாகும், பிந்திய பயிரில் பூச்சியும் எலியும் கூடும். கடிபட்ட கம்பியின் விலை சொற்பமாயினும், அதனால் தவறிய பருவத்தின் விலை சொற்பமன்று.

முற்காலத்தில் கமலை வடத்தை எலி கடித்தால் கயிற்றை முறுக்கி முடிச்சிட்டு அன்றைய இறைப்பை முடித்துக்கொள்ளலாம். இக்காலத்து யந்திரத்தில் அது இயலாது. ஒரு கம்பி அறுந்தால் எந்தக் கம்பி என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் இந்தியாவில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதற்கிணங்கச் செய்யப்படும் யந்திரங்களில் எரிபொருளை அளந்து செலுத்தும் மின்னணுக் கருவிகளும், அவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகளும் முன்னிலும் அதிகம். கம்பிகள் பெருகப் பெருக எலியின் ஒரு கடிக்கு நேரும் செலவும் பெருகும்.

எலி ஏன் கம்பியைக் கடிக்கிறது

எலியின் முன்பற்கள் அதன் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமான பொருளைக் கறண்டித் தேய்த்தாலன்றி அவை அளவுக்கு மீறி வளர்ந்து வாயை அடைத்துவிடும். ஆகவே உணவுக்காக மட்டுமன்றி, வழி செய்துகொள்வதற்கும், கூடு கட்ட நார் சேர்ப்பதற்கும் அது எதிர்ப்பட்டதைக் கடித்துப் பார்க்கிறது. மரம், பிளாஸ்டிக், ரப்பர், ஈயக் குழாய் எதுவும் இதற்கு விலக்கல்ல.

புது வண்டிகளின் கம்பி உறைகள் சோயாவிலிருந்து செய்யப்படுவதாலேயே எலி அவற்றை நாடுகிறது என்ற பேச்சு ஒன்று உலவுகிறது. அமெரிக்காவில் இக்காரணத்தை எடுத்துக் காட்டி 2016-ம் வருஷத்தில் ஹோண்டா, டொயோட்டா கம்பெனிகளின் மீது வண்டி உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்ததுமுண்டு. ஆனால் சோயா உறை வருவதற்கு வெகுகாலம் முன்பே எலி கம்பிகளைக் கடித்து வந்திருக்கிறது. ஹோண்டா கம்பெனியார் மிளகாயின் காரச் சத்தேற்றிய நாடா ஒன்றைக் கம்பிகளின்மேல் சுற்றுவதற்கென விற்கின்றனர். வழக்கின் நியாயம் எவ்வாறாயினும், பெரிய கம்பெனிகளும் இத்தொல்லையை மெய்யென்று ஒப்புக்கொண்டிருப்பதற்கு இது சான்றாகும். ஜப்பான் தேசத்தில் 2013 மார்ச் மாதத்தில் புகுஷிமா அணுமின் நிலையத்தின் மின்விசைப் பலகை ஒன்றில் எலி புகுந்ததால், அங்கே எரிபொருள் தொட்டிகளைக் குளிர்விக்கும் ஏற்பாடு ஒரு நாளுக்கு மேல் தடைப்பட்டது. அவ்வளவு காவலுள்ள இடத்திலேயே எலி புகுமானால், ஓலைக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வண்டிக்குக் கேடு செய்யும் பிராணிகள் ஒரே இனத்தவை அல்ல. சுவரும் மரமும் ஏறவல்ல வீட்டெலி எஞ்சினுக்குள் ஏறிக் கூடு வைக்கிறது. சுண்டெலி, ஒரு பென்சில் நுழையும் துவாரம் இருந்தால் நுழைந்துவிடும். வளை தோண்டும் கரம்பை எலியும் பெருச்சாளியும் கொட்டகையின் தரையைக் குடைந்து உள்ளே வருகின்றன. பகலில் அணிலும் இவ்வேலையைச் செய்வதுண்டு. இவை வண்டியில் விரும்புவன மூன்று: இருள், வெதுவெதுப்பு, ஆள் நடமாட்டம் இன்மை. பல நாள் அசையாமல் நிற்கும் டிராக்டரில் இம்மூன்றும் உண்டு. பக்கத்தில் வைக்கோலும் சிதறிய நெல்லும் இருந்துவிட்டால் அதுவே அவற்றுக்கு நிலையான குடியிருப்பாகிவிடும்.

அறுவடைக்குப் பின் எலி எங்கே போகிறது

கவனிக்கத்தக்க முக்கியமான விஷயம் இதுவே. நெற்பயிர் சூல்கொள்ளும் பருவத்திலிருந்து வயலெலியின் இனப்பெருக்கம் மும்முரமாக நடக்கிறது. பெண்ணெலி ஏறக்குறைய மூன்று வாரச் சினையில் ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை ஈனும். பயிர் விளைந்து முடிவதற்குள் வரப்பெங்கும் எலி நிறைந்துவிடுகிறது. பிறகு சில தினங்களில் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகிறது. அவ்வளவு எலிகளுக்கும் அங்கே உணவுமில்லை, மறைவுமில்லை. அவை நெல் போன வழியே போகின்றன: களத்துமேடு, வைக்கோற்போர், மாட்டுத் தொழுவம், அதன் பக்கத்திலுள்ள வண்டிக் கொட்டகை.

உழவு முடிந்த டிராக்டர் ஓய்வாக நிற்பதும் இதே காலத்தில்தான். அறுவடை யந்திரமும் வேலை முடிந்ததும் தாளும் உமியும் ஒட்டியபடியே ஓரமாக நிறுத்தப்படுகிறது. எலி இடம் தேடும் காலமும் யந்திரம் சும்மா நிற்கும் காலமும் ஒன்றாக அமைவதால், இந்நஷ்டத்தைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. வரும் மாதம் தெரிந்திருக்கும்போது, தடுக்கும் மாதத்தையும் குறித்துவிடலாம்.

வழக்கத்திலுள்ள சில உபாயங்கள்

எஞ்சினுக்குள் புகையிலைத் தண்டைக் கட்டுவதும், அந்துருண்டை போடுவதும், பினாயில் தெளிப்பதும் பரவலான வழக்கம். இவற்றின் நெடி புதிதாக இருக்கும் சில தினங்களுக்கு எலி தயங்கக்கூடும். நெடி குறைந்ததும், அல்லது எலிக்குப் பழகியதும், அத்தயக்கம் நீங்கும். மனிதர் காதுக்கு எட்டாத ஒலி எழுப்பி எலியை ஓட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2001-ம் வருஷத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும், தக்க பரிசோதனை ஆதாரமின்றி அவ்வாறு விளம்பரம் செய்யலாகாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இவற்றுக்குச் செலவிடும் பணத்தைக் கதவின் அடியில் தகடு அடிக்கச் செலவிட்டால் பல வருஷங்களுக்குப் பயன் உண்டு.

விஷத்தை வண்டிக்குள்ளோ மூடிய கொட்டகையினுள்ளோ வைப்பது எல்லாவற்றிலும் தீயது. எலி விஷங்களுள் சில, காற்றிலும் கலந்து உயிரைக் கொல்பவை. 2024 நவம்பர் மாதத்தில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தால் இரு இளங்குழந்தைகள் மாண்டனர். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் பொதுமக்களுக்கு விற்பதே சட்டப்படி கூடாது. கிடைத்தாலும் அதனை வாங்கி வீட்டருகில் உபயோகிப்பது பெரும் அபாயம். துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே இல்லை. இவற்றைக் கொட்டகையில் கையாள்வது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகவே முடியும்.

கொட்டகையில் செய்யத்தக்கவை

கொட்டகையின் பொறுப்பு உரிமையாளருடையது. அதற்கு வேண்டியவை அதிகச் செலவுள்ளவை அல்ல.

முதலாவது, வைக்கோலையும் தானியத்தையும் தீவன மூட்டையையும் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அகற்றவேண்டும். இவை அருகில் இருக்கும்வரை பிற ஏற்பாடுகள் பலன் தரா. கடிபட்ட கம்பியில் மின்பொறி எழுந்தால் வைக்கோல் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. இரண்டாவது, கதவின் அடியில் விரற்கடைக்குக் குறைந்த சந்தும் இராதபடி தகடு அடித்து, சுவரிலுள்ள துவாரங்களைச் சிமெண்டும் கம்பிவலையும் கொண்டு அடைக்கவேண்டும். அவ்வலையின் கண் கால் அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. தென்னை மரத்தில் எலி ஏறாதிருக்கத் தகடு கட்டும் விவசாயிக்கு இந்த யுக்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வேலை முடிந்த யந்திரத்தை நிறுத்துமுன் தாள், உமி, மண் முதலியவற்றை முற்றும் நீக்கவேண்டும். டிரைவர் ஆசனத்தின் அடியில் தின்பண்டத் துணுக்குகள் கிடத்தலாகாது. நான்காவது, யந்திரத்தைப் பல நாள் அசைக்காமல் விடலாகாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை மூடியைத் திறந்து பார்த்து, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி, நிற்கும் இடத்தையும் மாற்றிவைத்தால் கூடு கட்ட அவகாசம் இராது. நெடுநாள் ஓய்வாயின் பாட்டரியின் ஓர் இணைப்பைக் கழற்றிவைப்பது தீ விபத்தைத் தடுக்கும்.

கொட்டகைக்குள் எலி புகுந்துவிட்டதாயின் அதற்குப் பொறியே தக்கது. எலி சுவரோரமாகவே ஓடுவதால் பொறியின் இரை வைத்த முனை சுவரைத் தொட்டிருக்குமாறு வைக்கவேண்டும். புதிய பொருளைக் கண்டு எலி சில தினங்கள் விலகும். ஆதலால் முதல் இரண்டு மூன்று நாள் இரையை மட்டும் வைத்து, விசையை ஏற்றாமல் விட்டுப் பழக்கவேண்டும். எலிக்கூட்டையும் புழுக்கையையும் வெறுங்கையால் எடுப்பதும், காய்ந்தபடியே பெருக்குவதும் தவறு. எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், கையுறை அணிந்து, கிருமிநாசினி நீர் தெளித்து நனைத்த பின்பே துடைத்தெடுக்கவேண்டும். கடிபட்ட அடையாளம் கண்டால் எஞ்சினை இயக்காமல், டீசல் குழாய் கசிகிறதா, கம்பியின் உறை போயிருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஊர் செய்யவேண்டியது

இவ்வளவும் செய்தபின்னும் ஒருவருடைய கொட்டகை காப்பாற்றப்படும் என்ற உறுதி இல்லை. அவர் தம் வரப்பிலுள்ள எலிகளை முழுவதும் ஒழித்தாலும், அண்டை வரப்பின் எலிகள் சில வாரங்களில் அந்தக் காலி வளைகளில் குடியேறிவிடும். எலிக்குப் பட்டா எல்லை தெரியாது. ஆகையால் ஆயக்கட்டு முழுவதும் ஒரே காலத்தில் முயன்றாலன்றி நிலையான பலன் கிட்டாது.

இதற்கு அயல் நாடுகளின் அனுபவம் துணை நிற்கிறது. இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் நெல் விவசாயிகள் ஒரு சிறு பாத்தியில் மற்றவர்க்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே நட்டு, அதனைச் சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பும் பொறிகளும் அமைக்கும் முறையைக் கையாண்டனர். முந்திய பயிரின் வாசனையால் சுற்றுப்புறத்து எலிகள் அங்கே வந்து அகப்படுகின்றன. அத்தகைய ஒரு பாத்தி 10 முதல் 15 ஹெக்டேர் வரையுள்ள வயல்களுக்குக் காவலாக அமைவதாக ஆராய்ச்சியாளர் கண்டனர். பாத்தி ஒருவர் நிலத்தில் இருக்கிறது. பலன் சுற்றிலுமுள்ள அனைவருக்கும் போகிறது. எனவே செலவையும் அனைவரும் பகிர்ந்துகொண்டாலன்றி அது நடவாது.

சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் உடனே தொடங்கத்தக்கவை எளியவை. நடவை இயன்றவரை இரண்டு வார காலத்துக்குள் ஊரெங்கும் முடித்தால் எலி இனம்பெருகும் காலம் சுருங்கும். வரப்புகளைக் குறுக்கிச் செதுக்கினால் வளை அமைய இடமிராது. பயிர் சூல்கொள்ளுமுன் ஒரு நாள் குறித்து, ஆயக்கட்டிலுள்ள எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூடவேண்டும். மறுநாள் திறந்து கிடப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவற்றில் வளைவெட்டிப் பிடிக்கும் அனுபவசாலிகளை அமர்த்தலாம். காவிரி டெல்டாப் பகுதியில் வழங்கும் மூங்கிற் கிட்டிகளை வைக்கலாம். இவற்றுக்கு அடங்காதபோது மட்டும், வயலில் மாத்திரம், விஷ இரையை நாடலாம். 96 பங்கு உடைத்த தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு 0.25 சதவீத புரோமாடியோலோன் மருந்து என்ற அளவில் கலந்து, வளைக்குள் ஆழமாக இட்டு மூடவேண்டும். மாண்ட எலிகளைப் பொறுக்கிப் புதைப்பது கட்டாயம். அவற்றைத் தின்னும் பறவைக்கும் நாய்க்கும் அவ்விஷமே கேடாகும்.

கூகையும் ஆந்தையும் இரவெல்லாம் கூலியின்றி எலி பிடிப்பவை. அவற்றின் குரலைத் துர்ச்சகுனமாகக் கருதிக் கல்லெறிவோர் இன்னும் உண்டு. கதிர் வெளிவரும்வரை வயலில் குறுக்குக் கட்டை அடித்த கம்புகளை நட்டால் அவை அமர்ந்து வேட்டையாடும். சாரைப்பாம்பும் அவ்வாறே விவசாயிக்குத் துணை. இவற்றைக் கொல்வது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எலி பெருகிற்று என்று முறையிடுவோர், எலியைத் தின்பதைக் கொல்லலாமா என்று சிந்திப்பது நன்று.

ஓர் ஆட்சேபமும் அதற்கு விடையும்

“என் வண்டியை நான் காத்துக்கொள்வேன், ஊர் வேலைக்கு நான் ஏன் கூலி கொடுக்கவேண்டும்?” என்று கேட்போர் இருக்கலாம். டிராக்டர் இல்லாத சிறு விவசாயியும், “வண்டிக்காரர் நலத்துக்கு நான் ஏன் வரப்பைச் செதுக்கவேண்டும்?” என்று கேட்கலாம். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. சிறு விவசாயியின் நிலத்தை உழுவதும், அவர் நெல்லை அறுப்பதும் வாடகைக்கு வரும் அந்த யந்திரந்தான். அது நின்றால் முதலில் காத்துக் கிடப்பது அவருடைய வயலே. சொந்த வண்டியுடையவர் தம் நிலத்தை முடித்தபிறகுதான் பிறர் நிலத்துக்கு வருவார். அவ்வாறே வண்டியுடையவரின் கொட்டகைக்கு வரும் எலி, சிறு விவசாயியின் வரப்பில் பிறந்ததாக இருக்கலாம். ஒருவர் நஷ்டம் மற்றவர் நஷ்டத்தோடு பின்னிக் கிடக்கும்போது கணக்கைத் தனித்தனியே பார்ப்பது இருவருக்கும் கேடு.

கண்மாய் மராமத்துக்கு ஊர் கூடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். மடையைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்ததுபோல, எலி நாளுக்கும் நிலத்துக்கு ஓர் ஆள் வரலாம். இதனைத் தொடங்கிவைப்பது கிராம அதிகாரிகளின் கையில் இருக்கிறது. பேரூராட்சியார் களத்துமேட்டுக் குப்பையையும் தெருக் கழிவையும் அகற்றுவதும், கிராம நிர்வாக அலுவலர் ஆயக்கட்டுதாரர்களைக் கூட்டி நாள் குறிப்பதும், வேளாண்மை அலுவலர் இரை கலக்கும் முறையை நேரில் காட்டுவதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல. கூட்டுறவுச் சங்கங்களும் வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு விடும் யந்திரங்களும் கொட்டகைகளில்தான் நிற்கின்றன. பொதுச் சொத்தான அவற்றின் கம்பி கடிபட்டால் காத்திருப்பது ஒரு குடும்பமன்று, ஒரு கிராமம்.

ஆகவே, அடுத்த நடவுக்கு முன்னரே ஒவ்வோர் ஆயக்கட்டிலும் எலி நாள் ஒன்று குறிக்கப்படவேண்டும்; அறுவடை முடிந்த வாரத்தில் களமும் கொட்டகையும் துப்புரவு செய்ய இரண்டாவது நாள் ஒன்றும் குறிக்கப்படவேண்டும். வருஷத்தில் இரண்டு நாள் உழைப்புக்கு, உழவு நாளில் தவறாது கிளம்பும் யந்திரமும் களத்துக்கு முழுமையாக வந்துசேரும் நெல்லும் கைம்மாறாகக் கிடைக்கும். நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதனை இப்பருவத்திலேயே ஆரம்பிப்பார்களாக.